கட்டளையிடும் இடம்: டக் வில்லியம்ஸ் வரலாறு

நம் நாட்டில் காற்பந்து என்றால் பந்தைக் காலால் உதைத்து வலைக்குள் செலுத்தும் ஆட்டத்தையே எல்லாரும் நினைப்பர். அமெரிக்கர்கள் இதனைச் 'சாக்கர்' என்பர். அவர்கள் காற்பந்து என்று பெயரிட்டு அழைக்கும் ஆட்டம் முற்றிலும் வேறு. அதில் பந்தைக் கால் தொடும் வேளைகள் மிகக் குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடும் தோழனுக்கு எறிவதுமே ஆட்டத்தின் உயிர். 100 கெஜ நீளமுள்ள திடலில் அணிக்குப் பதினொருவர் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேறுதல் வேண்டும். தவறினால் பந்து எதிரணியிடம் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடப்பதை 'டச்டவுன்' என்பர். அதற்கு ஆறு மதிப்பெண்.

இவ்வாட்டத்தில் 'குவாட்டர்பேக்' என்பவர் ஒருவர் உண்டு. ஒவ்வொரு முயற்சியும் அவருடைய குரலில்தான் தொடங்கும். நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைப் பின்னோக்கித் தர, அவர் அதனைப் பெற்று, எதிரணி எவ்வாறு நிற்கிறது என்பதை இரண்டு மூன்று நொடிகளில் கணித்து, ஓடுபவரிடம் கொடுப்பதா, தொலைவில் உள்ளவருக்கு எறிவதா என்று முடிவு செய்வார். எஞ்சிய பத்துப் பேரும் அவர் சொற்படி இயங்குவர். உடல் வலிமை மட்டும் அவருக்குப் போதாது. நினைவாற்றல், கணிப்பு, பிறரைத் தம் வழியில் நடத்தும் ஆளுமை ஆகியவையும் வேண்டும்.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் நிறவேற்றுமை நெடுங்காலம் வேலியிட்டுக் காவல் நின்றது.

1934 முதல் 1945 வரை தேசியக் காற்பந்து லீக்கில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இடம்பெறவில்லை. 1946இல் கதவு திறந்தபோதும் வீட்டின் எல்லா அறைகளும் திறக்கப்படவில்லை. ஓடலாம், பந்து பிடிக்கலாம், எதிரியைத் தடுத்து வீழ்த்தலாம். கட்டளையிடல் மட்டும் ஆகாது. கறுப்பினத்தவருக்கு உடல் உண்டு, அறிவும் தலைமைப் பண்பும் இல்லை என்னும் பழைய பொய்யே இதற்கு அடிப்படை. 1970இல் லாய், மெக்எல்வோக் என்னும் இரு சமூகவியலாளர்கள், அணியின் மைய இடங்களில் வெள்ளையரும் ஓர இடங்களில் கறுப்பினத்தவரும் குவிக்கப்படுவதை எண்ணிக்கைகளோடு எடுத்துக்காட்டினர். எண்ணிக்கைகளைப் பாராதவருக்கும் மார்லின் பிரிஸ்கோவின் கதை போதும். 1968இல் டென்வர் அணிக்காகக் குவாட்டர்பேக் இடத்தில் ஆடிய அவர், முதற்பருவத்திலேயே 14 டச்டவுன்களுக்குப் பந்தெறிந்தார். அடுத்த ஆண்டே அந்த இடம் அவருக்கு இல்லையென்று ஆயிற்று. பப்பலோ அணிக்குச் சென்று, பிறர் எறியும் பந்தைப் பிடிப்பவராகத் தம் தொழிலைத் தொடர்ந்தார்.

இந்த வேலியை உடைத்தவர்களுள் ஒருவரான டக் வில்லியம்ஸ், அமெரிக்காவின் பெயர்பெற்ற பெரும் பல்கலைக்கழகம் எதிலும் உருவானவர் அல்லர். லூசியானா மாநிலத்தின் வடபகுதியில், தேவதாரு மரங்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் உள்ள கிராம்பிளிங் கல்லூரி ஆளாக்கிய பிள்ளை அவர். ஆகவே, அவரைப் பற்றிப் பேசுமுன் அக்கல்லூரியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும்.

1896இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், 'தனித்தனியாக ஆனால் சமமாக' என்னும் பெயரில் நிறப்பிரிவினையைச் சட்டமாக்கியது. அந்தப் பிளெஸ்ஸி வழக்கு எழுந்ததும் லூசியானாவில்தான். அதே ஆண்டில், அதே மாநிலத்தின் வடபகுதியில் வாழ்ந்த கறுப்பின உழவர்கள் ஒரு சங்கமாகக் கூடினர். தம் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்று வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். டஸ்கீகியில் கல்விப் பணியாற்றி வந்த புக்கர் டி. வாஷிங்டனுக்கு ஆள் வேண்டி எழுதினர். அவர் அனுப்பிவைத்த சார்லஸ் ஆடம்ஸ் 1901இல் பள்ளியைத் தொடங்கினார். 1928 முதல் அது 'லூசியானா நீக்ரோ ஆசிரியப் பயிற்சி, தொழிற்பயிற்சி நிலையம்' என்று பெயர்பெற்றது. கறுப்பினப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கித் தருவதே அதன் முதற்கடமையாயிற்று. 1946இல் கிராம்பிளிங் கல்லூரி எனவும், 1974இல் கிராம்பிளிங் மாநிலப் பல்கலைக்கழகம் எனவும் பெயர் மாறியது.

பழைய பெயரின் நீளத்திற்கு ஒரு வேடிக்கையான பயன் இருந்ததாகக் கூறுவர். எதிரணி ரசிகர்கள் தங்கள் கல்லூரிப் பெயரை ஓங்கி முழக்கும்போது, இவர்கள் தங்கள் பெயரை முழக்கி முடிப்பதற்குள் ஆட்டம் பாதி கடந்துவிடுமாம். உண்மையோ அன்றோ, இருபாலரும் சேர்ந்து சிரித்த கதை அது.

1941இல் அந்நிலையத்தின் தலைவர் ரால்ப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ் 22 வயது இளைஞர் ஒருவரைக் காற்பந்துப் பயிற்றுநராக அமர்த்தினார். அவர் பெயர் எடி ராபின்சன். தந்தை குத்தகை உழவர். தாய் வீட்டு வேலை செய்தவர். லேலண்டு கல்லூரியில் படித்தபோது ராபின்சனும் குவாட்டர்பேக் இடத்தில் ஆடியவரே. பட்டம் பெற்றும் தகுந்த வேலை கிட்டாமல், பேட்டன் ரூஜ் நகரின் கால்நடைத் தீவன ஆலையில் மணிக்கு 25 காசு கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்தார். கிராம்பிளிங்கில் அவருக்குக் கிடைத்த மாதச் சம்பளம் 63 அமெரிக்க வெள்ளி 95 காசு. அதற்கு அவர் செய்த பணிகளோ பல. திடலில் சுண்ணாம்புக் கோடு இழுப்பார், காயங்களுக்குக் கட்டுப்போடுவார். வெளியூர்ப் பயணங்களில் வழியிலுள்ள உணவகங்கள் கறுப்பின மாணவர்களை உள்ளே விடமாட்டா என்பதால், ரொட்டியும் இறைச்சியும் வாங்கித் தாமே உணவு தயாரித்துத் தருவார். அடுத்த ஆண்டே, 1942இல், அவருடைய அணி ஒன்பது ஆட்டங்களையும் வென்றது. எதிரணி எதற்கும் ஒரு மதிப்பெண்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

ராபின்சன் மேற்படிப்புப் படிக்க விரும்பியபோது சொந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம் அவருக்கு இடம் தரும் நிலையில் இல்லை. வடக்கே ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு விடுமுறைதோறும் சென்று 1954இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அவர் காலையில் கையில் மாட்டுமணி ஒன்றை எடுத்துக்கொண்டு மாணவர் விடுதி முழுவதும் ஒலித்துக்கொண்டே நடப்பாராம். ஆட்டக்காரர்கள் எழுந்து வகுப்புக்குப் போகவேண்டும் என்பதற்காக. பயிற்சித் திடலுக்கு அழைக்க ஒலித்த மணி அன்று அது. இத்தகைய மனிதரைப் பயிற்றுநர் என்று மட்டும் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கிராம்பிளிங்கில் பயின்று தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றவர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர். 1949இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்த டேங்க் யங்கரே கறுப்பினக் கல்லூரியிலிருந்து அந்த லீக்குக்குச் சென்ற முதல் ஆட்டக்காரர். ஆனால், ஓடுபவரும் தடுப்பவரும் பந்து பிடிப்பவருமாக அத்தனை பேர் போனபோதும் குவாட்டர்பேக் ஒருவர் போகவில்லை. தொலைக்காட்சி வருணனையாளர் ஹோவர்ட் கோசல் இதனைச் சுட்டிக் கேட்ட கேள்வி ராபின்சன் உள்ளத்தில் தைத்தது என்பர். அவர் ஜேம்ஸ் ஹாரிஸ் என்னும் மாணவரைத் தேர்ந்து, தொழில்முறை அணிகள் கையாளும் முறைப்படியே பயிற்றுவித்தார். இடம் மாற்றச் சொல்ல யாருக்கும் காரணம் கிட்டாதபடி பிள்ளையை அனுப்பவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். 1969இல் ஹாரிஸ் எட்டாம் சுற்றில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும், பப்பலோ அணியின் பருவத் தொடக்க ஆட்டத்திலேயே குவாட்டர்பேக்காக இறங்கினார். அவர் திறந்துவைத்த கதவின் வழியே பின்னால் வந்தவர்தான் வில்லியம்ஸ்.

டக்ளஸ் லீ வில்லியம்ஸ் 1955 ஆகஸ்டு 9ஆம் நாள், பேட்டன் ரூஜுக்கு வடக்கேயுள்ள சாக்கரி என்னும் ஊரில் பிறந்தார். பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டத்துக்கு மாறானது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து ஓராண்டே ஆகியிருந்தது. தீர்ப்பு வாஷிங்டனில் எழுதப்பட்டது; சாக்கரியில் பழைய வழக்கமே நடந்தது. வெள்ளிக்கிழமை இரவுகளில் சாலைச் சந்திகளில் கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் சிலுவைகளை எரித்ததைக் கண்டு வளர்ந்ததாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். மூத்த சகோதரர் ராபர்ட் அடிப்பந்தாட்டத்தில் எறிவீரராகத் தொழில்முறை வாய்ப்புப் பெற்றவர். கைக்காயத்தால் அதனை இழந்து ஊர் திரும்பிப் பயிற்றுநரானார். அவரே சேனிவில் உயர்நிலைப் பள்ளியில் தம்பியைக் காற்பந்துத் திடலில் இறக்கியவர்.

பள்ளிப் படிப்பு முடிந்தபோது வில்லியம்ஸை விரும்பி அழைத்தவை கறுப்பினக் கல்லூரிகளே. அவருடைய ஊருக்கு மிக அண்மையில், பேட்டன் ரூஜில், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெரும் விளையாட்டரங்கம் இருந்தது. அந்த அணியில் முதற்கறுப்பின ஆட்டக்காரர்கள் இடம்பெற்றது 1970களின் தொடக்கத்தில்தான். கறுப்பின இளைஞன் ஒருவன் அங்கே கட்டளையிடும் இடத்தில் நிற்பதை அன்று எவரும் கற்பனை செய்திரார். 1973இல் வில்லியம்ஸ் கிராம்பிளிங் சென்றார். முதலாண்டு ஆட்டத்தில் இறங்காமல் பயிற்சியில் கழிந்தது.

1974 முதல் 1977 வரை நான்கு பருவங்கள் அவர் அணியை நடத்தினார். அவர் தொடக்க ஆட்டக்காரராக நின்ற ஆட்டங்களில் 36 வெற்றி, 7 தோல்வி. அவருடைய கைவலிமை வியப்புக்குரியது. 60, 70 கெஜத் தொலைவுக்குப் பந்தை எறிவது அவருக்கு அரிய செயலாக இருக்கவில்லை. கல்லூரிக் காலம் முழுவதிலும் அவர் எறிந்த டச்டவுன்கள் 93. ஈட்டிய தொலைவு 8,411 கெஜம். அதுவரை எந்தக் கல்லூரிக் குவாட்டர்பேக்கும் அத்தனை டச்டவுன்களுக்குப் பந்தெறிந்ததில்லை. 1977ஆம் பருவத்தில் மட்டும் 3,286 கெஜம், 38 டச்டவுன்.

கிராம்பிளிங்கின் சொந்தத் திடல் சிறியது. ஆதலால் அந்த அணி நாடோடியைப் போல் பெருநகரங்களுக்குச் சென்று ஆடியது. 1968இல் நியூயார்க்கின் யாங்கி அரங்கில் மார்கன் மாநிலக் கல்லூரியுடன் ஆடியபோது அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். 1974 முதல் சதர்ன் பல்கலைக்கழகத்துடனான ஆண்டு ஆட்டம் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு பெருவிழாவாகவே நடந்துவருகிறது. 1976 செப்டம்பரில் வில்லியம்ஸும் தோழர்களும் கடல் கடந்து ஆசியாவுக்கே வந்தனர். தோக்கியோவில் மார்கன் மாநில அணியை 42-16 என்று வென்றனர். அமெரிக்கக் கல்லூரிகளின் முறையான பருவ ஆட்டம் ஒன்று ஜப்பானில் நடந்தது அதுவே முதன்முறை. ஆசிரியப் பயிற்சி நிலையமாக இருந்த ஒரு நாட்டுப்புறக் கல்லூரி தன் நாட்டு ஆட்டத்தை நம் கண்டத்துக்குக் கொண்டுவந்து காட்டியது என்பது சிறிய செய்தி அன்று.

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் ஹைஸ்மன் பரிசு வழங்கப்படும். 1977இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எர்ல் கேம்பல் அதனைப் பெற்றார். டெர்ரி மில்லர் இரண்டாமவர், கென் மெக்கஃபீ மூன்றாமவர், வில்லியம்ஸ் நான்காமவர். கறுப்பினக் கல்லூரிகள் பெரிய கல்லூரிகளோடு மோதுவதில்லை, எளிய எதிரிகளிடம் பெற்ற எண்ணிக்கைகளை எவ்வாறு ஒப்பிடுவது என்று அன்று வினவியவர் உண்டு. வினாவில் ஓரளவு நேர்மை இருக்கிறது. ஆயின், மோதுவதில்லை என்ற நிலையை ஏற்படுத்தியவர் யார் என்று அவ்வாறு வினவியவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மேலும், கறுப்பின மாணவரைப் பெரிய கல்லூரிகள் புறக்கணித்த அந்த ஆண்டுகளில், தென்மாநிலங்களின் மிகச் சிறந்த இளைஞர்கள் பலர் இந்த 'எளிய' எதிரணிகளில்தான் ஆடிக்கொண்டிருந்தனர். நான்காம் இடம் என்பதே அப்போது ஒரு பெருவெற்றிதான். கறுப்பினக் குவாட்டர்பேக் ஒருவர் அப்பரிசைப் பெறுவதற்கு 1989இல் ஆண்ட்ரே வேர் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி இவ்வரலாற்றில் நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருகிறேன்.

வில்லியம்ஸ் கிராம்பிளிங்கில் கல்வியியலில் பட்டம் பெற்றவர். 1978ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தொழில்முறை அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நாட்டின் சிறந்த குவாட்டர்பேக்குகளுள் ஒருவரான அவரோ ஒரு பள்ளியில் பயிற்சி ஆசிரியராக வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். பல அணிகளிலிருந்து ஆள்கள் வந்து அவர் ஓடும் வேகத்தையும் கைவீச்சையும் அளந்து போயினர். டாம்பா பே அணியின் துணைப் பயிற்றுநர் ஜோ கிப்ஸ் மட்டும் வேறு வகையில் வந்தார். நேரே பள்ளிக்குச் சென்று, வகுப்பறையின் பின்புறத்தில் அமர்ந்து, பாடம் முடியும்வரை காத்திருந்தார். பிறகு இருவரும் உட்கார்ந்து ஆட்ட நுணுக்கங்களை நெடுநேரம் பேசினர். எதிரணி இவ்வாறு நின்றால் நீ என்ன செய்வாய், அவ்வாறு நின்றால் எங்கே எறிவாய் என்று கேட்டறிந்து, இவரே சிறந்தவர் என்று அறிக்கை எழுதினார்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் பின்வரிசையில் மேற்பார்வையாளர் வந்து அமரும் நாளை மறக்க இயலாது. சுண்ணக்கட்டி கையில் நடுங்கும். தெரிந்த பாடமும் தொண்டையில் சிக்கும். வருபவர் குறை தேடியே வருகிறார் என்று தோன்றும். ஆனால், ஒருவர் எவ்வாறு சிந்திக்கிறார், எவ்வாறு பிறருக்கு விளங்க வைக்கிறார், வகுப்பைத் தம் வசத்தில் எவ்வாறு வைத்திருக்கிறார் என்பதை அறிய வகுப்பறையைவிடச் சிறந்த இடம் வேறில்லை. குவாட்டர்பேக்கிடம் தேடவேண்டியவையும் இவைதாமே! கறுப்பினத்தவரிடம் இல்லை என்று அரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்ட பண்புகளை கிப்ஸ் அந்தப் பின்வரிசையில் அமர்ந்து கண்டார்.

டாம்பா பே அணி முதற்சுற்றில் 17ஆம் ஆளாக வில்லியம்ஸைத் தேர்ந்தது. அதே ஆண்டில் நடந்த இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கறுப்பினக் குவாட்டர்பேக் வாரன் மூன், 1978 ரோஸ் பவுல் ஆட்டத்தில் தம் அணியை வெற்றிபெறச் செய்து சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றவர். அவரை ஓர் அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. குவாட்டர்பேக் இடத்தை விட்டுக்கொடுக்க மறுத்து அவர் கனடா சென்றார். எட்மண்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து முறை கனடாவின் கிரே கிண்ணத்தை வென்றபின்னரே தாய்நாட்டு லீக் அவரை வரவேற்றது. வில்லியம்ஸுக்குக் கிடைத்தது நல்வாய்ப்பு என்பதை மூனின் கதையோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

டாம்பா பே அணி 1976, 1977 ஆண்டுகளில் தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்று நாடே நகைக்க நின்ற அணி. வில்லியம்ஸ் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே, 1979இல், அது இறுதியாட்டத்துக்கு முந்திய படிவரை சென்றது. 1981, 1982 பருவங்களிலும் வெற்றிச்சுற்றுக்குத் தகுதி பெற்றது. ஆயினும் 1982இல் அவருடைய ஆண்டுச் சம்பளம் 120,000 அமெரிக்க வெள்ளி. லீக்கின் தொடக்கக் குவாட்டர்பேக்குகளுள் அதுவே மிகக் குறைந்த தொகை. ஆட்டத்தில் இறங்காமல் ஓரத்தில் காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் பலர் அதைவிட மிகுதியாகப் பெற்றனர். அவர் 600,000 கேட்டார். உரிமையாளர் 400,000க்கு மேல் தர மறுத்தார். அந்தப் பேச்சு நடந்த 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் அவருடைய இளம் மனைவி மூளைக்கட்டியால் இறந்தார். கைக்குழந்தைக்கு மூன்று மாதம். வில்லியம்ஸ் டாம்பாவை விட்டு விலகினார். அந்த அணி மீண்டும் வெற்றிச்சுற்றைக் கண்டது 1997இல்தான்.

புதிதாகத் தோன்றிய மற்றொரு லீக்கில் இரண்டு பருவங்கள் ஆடினார். அந்த லீக்கும் மறைந்தது. 1986இல் அவரை மீண்டும் அழைத்தவர், இதற்குள் வாஷிங்டன் அணியின் தலைமைப் பயிற்றுநராகிவிட்ட அதே ஜோ கிப்ஸ். மாற்று ஆட்டக்காரர் என்ற நிலையில்தான் அழைத்தார். அந்தப் பருவம் முழுவதிலும் வில்லியம்ஸ் எறிந்த பந்து ஒன்றே ஒன்று. 1987ஆம் பருவத்தின் இறுதியில் முதன்மைக் குவாட்டர்பேக் தடுமாற, வெற்றிச்சுற்றுக்கு வில்லியம்ஸ் இறக்கப்பட்டார். சிகாகோவையும் மின்னசோட்டாவையும் வென்று வாஷிங்டன் சூப்பர் பவுல் இறுதியாட்டத்துக்குச் சென்றது. அவ்விறுதியாட்டத்தில் தொடக்கக் குவாட்டர்பேக்காக இறங்கிய முதற்கறுப்பினத்தவர் அவரே.

ஆட்டத்துக்கு முந்திய வாரத்தில் செய்தியாளர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். எத்தனை காலமாகக் கறுப்பினக் குவாட்டர்பேக்காக இருக்கிறீர் என்று ஒருவர் மூடத்தனமாகக் கேட்டதாக ஒரு கதை உலகெங்கும் பரவியது. அங்கிருந்தோர் சிலர் அதனை மறுக்கின்றனர். நீங்கள் வாழ்நாள் முழுவதும் கறுப்பினத்தவர்தாம், அது ஒரு பொருட்டாக ஆனது எப்போது என்னும் கருத்திலேயே வினா எழுந்தது, காதில் விழுந்தது வேறு என்பது அவர்கள் கூற்று. அவ்வாறாயின் அது மூடத்தனமான வினா அன்று. அந்த வாரத்தில் எழுந்தவற்றுள் பொருள் பொதிந்த வினா அதுவே. வரலாறு எழுதுவோர் நல்ல கதைகளிடம் சற்று எச்சரிக்கையாகவே இருத்தல் வேண்டும்.

1988 சனவரி 31ஆம் நாள் சான் டியேகோ நகரில் ஆட்டம் நடந்தது. முந்திய நாள் வில்லியம்ஸ் பல் மருத்துவரிடம் வேர்ச்சிகிச்சை செய்துகொண்டிருந்தார். முதற்கால்பகுதியில் டென்வர் அணி 10-0 என்று முன்னேறியது. வில்லியம்ஸ் வழுக்கி விழுந்து முழங்கால் திருகிச் சில கணம் வெளியே செல்ல நேர்ந்தது. வலியோடு திரும்பி வந்தார். இரண்டாம் கால்பகுதியில் தம் அணியின் முதல் முயற்சியிலேயே ரிக்கி சாண்டர்சுக்கு எறிந்த பந்து 80 கெஜ டச்டவுனாயிற்று. அடுத்து கேரி கிளார்க்குக்கு 27 கெஜம். அடுத்து டிம்மி ஸ்மித் 58 கெஜம் ஓடினார். மீண்டும் சாண்டர்சுக்கு 50 கெஜம். பின்னர் கிளின்ட் டிடியருக்கு 8 கெஜம். பதினைந்து நிமிட ஆட்டக் காலத்தில், 18 முயற்சிகளில், 35 மதிப்பெண்! இறுதியாட்ட வரலாற்றில் அதற்குமுன் எந்த அணியும் ஒரு கால்பகுதியில் அத்தனை மதிப்பெண் பெற்றதில்லை. முடிவு 42-10. வில்லியம்ஸ் ஈட்டிய தொலைவு 340 கெஜம். எறிந்த டச்டவுன்கள் நான்கு. சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது.

ஆட்டம் முடிந்து அரங்கின் சுரங்கவழியில் நடந்தபோது அங்கே ஒரு முதியவர் காத்திருந்தார், எடி ராபின்சன். ஆசிரியர், மாணவர் இருவர் கண்களிலும் நீர் பெருகியது. நீ செய்தது என்னவென்று உனக்கு இன்னும் விளங்கவில்லை, ஜோ லூயிஸ் மாக்ஸ் ஷ்மெலிங்கைக் குத்துச்சண்டையில் வீழ்த்திய இரவைப் போன்றது இது என்று ராபின்சன் கூறினார். 1938இல் அந்தச் சண்டையை வானொலியில் கேட்ட தலைமுறை அவருடையது. அன்று அவர் 19 வயது இளைஞர். 1988இல் அந்த மூதாளருக்கு நினைவுக்கு வந்தது அதுவே.

ராபின்சன் 1997 வரை பயிற்றுநராக நீடித்தார். மொத்த வெற்றிகள் 408. ஆயினும் கடைசி மூன்று பருவங்களில் தோல்விகளே மிகுந்தன. காரணம் ஒளிவுமறைவானது அன்று. தென்மாநிலப் பெரும் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவரை இப்போது இரு கைநீட்டி வரவேற்றன. பெரிய அரங்கம், நாடளாவிய தொலைக்காட்சி, நல்ல விடுதி என எல்லாவற்றையும் அவை தரமுடிந்தது. வில்லியம்ஸைப் போன்ற ஓர் இளைஞன் இன்று சாக்கரியில் பிறந்தால், பேட்டன் ரூஜ் அரங்கமே அவனைத் தேடி வரும். கிராம்பிளிங்குக்கு அவன் வரமாட்டான். யாருக்காக அக்கல்லூரி போராடியதோ அவர்களுக்கு எல்லாக் கதவுகளும் திறந்தபோது, அதன் கதவில் தட்டுவோர் குறைந்தனர். இதனை வெற்றி என்பதா, இழப்பு என்பதா? கதவுகள் திறந்தது நன்றே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இழப்பு இல்லை என்று சொல்லவும் நா எழவில்லை.

2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் இரு அணிகளுக்கும் கறுப்பினத்தவரே குவாட்டர்பேக்காக நின்றனர்; பாட்ரிக் மகோம்ஸ் ஒருபுறம், ஜேலன் ஹர்ட்ஸ் மறுபுறம். 2025இல் அவ்விருவரே மீண்டும் எதிரெதிரே நின்றனர். டெக்சாஸ் டெக், அலபாமா, ஓக்லகோமா எனப் பெரிய பல்கலைக்கழகங்களில் உருவானவர்கள் அவர்கள்.

ராபின்சன் விட்டுச்சென்ற இடத்துக்கு 1998இல் வந்தவர் டக் வில்லியம்ஸ். தம்மை ஆளாக்கிய கல்லூரிக்கே பயிற்றுநராகத் திரும்பி, 2000 முதல் 2002 வரை மூன்றாண்டு தொடர்ந்து வட்டார வாகையர் பட்டத்தை வென்று தந்தார். இடையில் விலகி, 2011இல் மீண்டும் வந்து அவ்வாண்டும் பட்டம் வென்றார். மாநில அரசின் நிதியுதவியோ ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. 2013 செப்டம்பரில், பருவம் தொடங்கிய சில நாள்களில், நிருவாகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. அடுத்த மாதம் மாணவர்கள் பயிற்சிக்கு வர மறுத்தனர். உடை மாற்றும் அறையில் பூஞ்சணம் படிந்திருக்கிறது, தொலைதூர ஆட்டங்களுக்கு இரவு பகலாகப் பேருந்தில் அனுப்புகிறார்கள் என்று கடிதம் எழுதினர். அக்டோபர் 19ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகருக்குச் செல்ல வேண்டிய பேருந்தில் அவர்கள் ஏறவில்லை. எதிரணியின் திடலில் கூட்டம் காத்திருக்க, ஆட்டம் நடைபெறவில்லை. வெற்றி எதிரணிக்கே வழங்கப்பட்டது. சில நாள்களில் மாணவர்கள் பயிற்சிக்குத் திரும்பினர். பூஞ்சணத்தைத் துடைக்கும் வேலையும் தொடங்கியது.